ஒன்றேகால் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி, கூடத்தில் ஆறு தறிகளும் ஓய்ந்து கிடந்தன, வாரத்தில் இந்த ஒரு நாள்தான் வீட்டுச் சுவர்கள் அதிராமல் நிற்கும், சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய வண்டியின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்து சின்னத் திருப்புளியைக் கையில் எடுத்தபோது அவருக்கு மனசு அப்படியொரு குஷியில் இருந்தது. இஞ்சின் பத்து நிமிஷமாக ஓடிச் சூடேறியிருந்தது. கார்புரேட்டரின் விலாவில் பித்தளையில் ஒரு குட்டி ஸ்க்ரூ, காற்றை அளந்துவிடுகிற ஏர் ஸ்க்ரூ, அதை முழுக்க உள்ளே முறுக்கிவிட்டு அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கண்ணா, மிச்சத்தை உங்க காதே சொல்லிக் குடுத்துரும் என்றிருந்தான் கோயமுத்தூர் மெக்கானிக் ஜாபர். புதன்கிழமைதான் அவன் பட்டறையில் பழைய நீட்டு சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குட்டையாக, வாய் திறந்த புது சைலன்சர் ஒன்றை மாட்டியது. புகை போகிற வழி லேசாகிவிட்டால் இஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கும், காற்றுக்குத் தக்க பெட்ரோல் வராது, பசியோடு ஓடும், ஓடி ஓடிச் சூடாகி ஒருநாள் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும் என்று ஜாபர் எச்சரித்து, பெட்ரோலை அளந்துவிடுகிற மெயின் ஜெட்டில் ஒரு அளவு பெரியதையும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தான். அதை நேற்றே மாற்றியாயிற்று. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வழியை மறித்து நிற்கிற ஊசியையும் ஒரு பள்ளம் மேலே தூக்கியாயிற்று. இருந்தும் ஆக்சிலேட்டரை முறுக்கிச் சட்டென்று விட்டால் சைலன்சருக்குள் பட், பட்பட் என்று கடுகு தாளிக்கிறது. பெட்ரோல் இன்னும் பத்தவில்லை என்று வண்டி சொல்கிற சொல் அது. பசிக்கிற பிள்ளையே, இரு, இரு, என்று சென்னியப்பன் பித்தளைத் தலையில் திருப்புளியை வைத்தார். வைத்ததுமே வேறொன்று ஞாபகம் வந்தது. வண்டியின் சத்தம் எப்போது குறைய ஆரம்பித்தது?

இரண்டு வருஷம் இருக்கும். எண்பத்தொன்பதில் வாங்கிய பெரிய வண்டி, ஒற்றை சிலிண்டர், சாவி போட்டு உதைத்தால் மூன்றாவது தெருவில் இருக்கிறவன் இன்னார் கிளம்பிவிட்டார் என்று சொல்கிற குரல் அதற்கு. அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. முதலில் அவர் சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கும் என்று நினைத்தார், கழற்றித் தீயில் வாட்டிக் கொட்டினார், கரி வந்தது, குரல் வரவில்லை. வால்வு பார்த்தார். பிஸ்டன் ரிங் மாற்றினார். பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் வண்டி அருமையாக இருக்கிறது என்றார்கள், அல்லது அப்படிச் சொன்ன மாதிரி வாயசைத்தார்கள். இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, அதுவும் ஒரு கொடுமை, ஊரே முனக ஆரம்பித்துவிட்டது, தறிக்குப் பாவு நூல் கொண்டுவருகிற வேன்காரன் முனகுகிறான், டெலிவிஷனில் செய்தி வாசிக்கிற பெண் முனகுகிறாள், ரேஷன் கடைக்காரன் எப்போதுமே முனகிதான் ஆனால் இப்போது சுத்தமாக மூச்சுதான் வருகிறது. சரி, வண்டிக்கு வருவோம். வண்டியின் குரல் போன அதே சமயத்தில்தான் பெண்டாட்டி வசந்தாமணியும் வண்டியில் ஏறுவதை விட்டாள். முதுகு வலிக்கிறது என்றாள். சோமனூர் சந்தைக்குப் பஸ்ஸில் போகிறாள், கருமத்தம்பட்டியில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போகிறாள், பஸ்ஸில் முதுகு வலிக்காதா என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்று ஒரு பயம். ஏறுவதை விடுவதற்கு முன்னாலேயே அவள் பேச்சை விட்டிருந்தாள். அதுதான் அவரை அறுத்தது. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் படியில் ஆரம்பித்து போய்ச் சேருகிற இடம் வரைக்கும் பேசிக்கொண்டே வருகிற பொம்பளை, ஒரு மழைக்காலத்தோடு ஊமையாகிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் முகத்தைச் சாலைக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன கோபமோ. கிழட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டு வருவதற்கு வெட்கமாக இருக்கிறதோ. வண்டிக்கு இளமை திரும்பினால் அவளும் ஏறுவாள் என்று எங்கிருந்தோ ஒரு கணக்கு அவர் மண்டைக்குள் விழுந்து, அந்தக் கணக்குதான் புதன்கிழமை அவரை ஜாபர் பட்டறை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. நாற்பத்தொன்பது வயசில் பெண்டாட்டி பின்னால் ஏற வேண்டும் என்பதற்காக சைலன்சர் மாற்றியவன் என்று தெரிந்தால் டீக்கடையில் பெஞ்சைத் தூக்கிப் போட்டுச் சிரிப்பார்கள்.

ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டார். பட். இன்னும் இருக்கிறது. திருப்புளி கால் சுற்று உள்ளே போயிற்று, முறுக்கிப் பார்ப்பதற்குள் வாசல் கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கிட்டுச்சாமி வந்து நின்று கையை ஆட்டி ஏதோ சொன்னார், சென்னியப்பன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், கிட்டுச்சாமி முகம் மலர்ந்து கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்குக் கும்பிட்டார்? எதற்கு ஒத்துக்கொண்டோம்? இந்தத் தலையாட்டல் அவரை எங்கெங்கேயோ கொண்டுபோய் விட்டிருக்கிறது. பள்ளிக்கூடக் கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து ஆட்டியதில் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவரானார், அவர் மகள் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போய் ஒரு வருஷம் ஆன பிறகு. முடி வெட்டுகிற இடத்தில் ஆட்டியதில் இருபத்தைந்து வருஷத்து மீசை போயிற்று, வீட்டுக்கு வந்தபோது வசந்தாமணி சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, யாருங்க வேணும் என்று கேட்ட மாதிரி வாயசைத்தாள், அதற்கும் ஆட்டினார். நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. சிரிப்புக்குக் கீழே எதுவோ ஒன்று கல் மாதிரி கிடக்கிறது, அதன்மேல் கால் படாமல் தாண்டித்தான் அவர் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறார், இப்போதும் தாண்டினார், தாண்டி ஸ்க்ரூவுக்கு வந்தார். உள்ளே போன கால் சுற்றுச் சந்தேகமாக இருந்தது, ஜாபர் சொன்னது ஒன்றரை, அவன் சொன்ன இடத்துக்கே மறுபடி எடுத்துவிட்டார். வெயில் தென்னை மட்டையைத் தாண்டி வந்து முதுகில் சுள்ளென்று உட்கார்ந்தது. நிழல் அந்தப் பக்கம். எழுந்து, முட்டி மடக்கென்று சொல்ல, வண்டியைச் சுற்றி வலது பக்கம் போய்க் குந்தினார். அங்கிருந்தே கையை எட்டி ஆக்சிலேட்டரை முறுக்கினார், விட்டார். சுத்தம். மறுபடி முறுக்கினார், விட்டார். வெண்ணெய் மாதிரி இறங்கியது சத்தம், ஒரு பட் இல்லை. ஜாபரே, நீ மனுஷனில்லை, ஒன்றரை என்றால் ஒன்றரையேதான். அடடா, இவ்வளவு சுலபமா. அவருக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது. திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் போட வேண்டும், பெட்டி அந்தப் பக்கம் இருந்தது, சுற்றி வந்து குனிந்து, சும்மா ஒருமுறை, ஆசைக்கு, முறுக்கிவிட்டார்.

பட். பட்பட்.

இதென்ன விளையாட்டு. மறுபடி வலது பக்கம் போனார், இல்லை. இடது பக்கம் வந்தார், இருக்கிறது. ஆள் பார்த்துப் பேசுகிற வண்டியை அவர் கேள்விப்பட்டதில்லை. நிழலில் இஞ்சின் ஆறுகிறதோ? நான்கடி தள்ளி உட்கார்ந்தால் எப்படி ஆறும். காற்று இந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ? தென்னை மட்டை அசையவில்லை. மூன்றாவது முறை வலது பக்கம் போய்க் குந்தியபோது ஏதோ உந்துதலில் தலையை மட்டும் திருப்பினார், ஊருக்குப் புறப்படுகிறவன் கடைசியாகத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, முகம் வாசற்படிக்கும் வலது காது சைலன்சர் வாய்க்கும் வந்தது, கை தானாக முறுக்கிவிட்டது. பட்பட்பட். கடுகு அங்கேதான் இருந்தது. இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. அப்போது அவர் கால் அந்தக் கல்மேல் பட்டது. மெதுவாக, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், வலது கை ஆள்காட்டி விரலை வலது காதுக்குள் அழுத்தி வைத்தார். வண்டி அணைந்துபோயிற்று. அணையவில்லை, பெட்ரோல் டேங்க் நடுங்குகிறது, சைலன்சர் வாயில் புகை துடிக்கிறது, ஹேண்டில் கண்ணாடியில் வானம் உதறுகிறது, ஆனால் எல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, மதிலில் ஒரு காக்கை வாயைத் திறந்து மூடுகிறது, சத்தத்தை எங்கேயோ வைத்துவிட்டு வந்த காக்கை. விரலை எடுத்தார், உலகம் உள்ளே விழுந்தது. வைத்தார், போயிற்று. அப்படியானால் வண்டியின் குரல் தேயவில்லை. பாவம், நல்ல சைலன்சரைத் தீயில் வாட்டினோமே. செய்தி வாசிக்கிற பெண் முனகவில்லை. ரேஷன் கடைக்காரன், சரி, அவன் முனகிதான். முப்பது வருஷம் தறிக்கு நடுவில் நின்றிருக்கிறார், இடது கைப்பக்கம் நாலு தறி, வலது கைப்பக்கம் ரெண்டு, காது என்ன இரும்பா. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், தறிச் சத்தம் மாறினால் எப்படித் தெரியும், இன்னொரு காதும் இதன் பின்னாலேயே கிளம்பிப் போய்விட்டால், மகள் போனில் பேசுவதை யார் கேட்டுச் சொல்வார்கள், அவள் கல்யாண மேடையில் ஐயர் ஏதோ சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு நிற்கிற அப்பன், ஜனங்கள் கை ஜாடையில் சிரிப்பது, ஒரு மத்தியான நேரத்துக் குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல அவருக்கு மூச்சு அடைத்தது. ஒன்றரைச் சுற்று, ஒன்றரைச் சுற்று, என்று மனசு அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்கியது, வேறெதையும் பிடிக்க அதற்குத் தெரியவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வசந்தாமணி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவர் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் குந்தியதையும், காதுக்குள் விரல் விட்டு எடுத்ததையும் அவள் எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. நேராக வந்து அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள். அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது, சோறு போடும்போது, படுக்கையில், தறிக்கூட வாசலில், இவள் எப்போதும் இந்தப் பக்கமாகவே வந்து நிற்கிறாளே.

"எடது காது கேக்கலீங்களா?" என்றாள்.

அவருக்குத் தலையை ஆட்டப் பழகிப்போயிருந்தது. இந்த முறை ஆட்டவில்லை. "ஆமா. கேக்கறதில்லை," என்றார். வெளியே வந்த பிறகு அந்தச் சொல் அத்தனை பெரிசாக இல்லை, உள்ளே இருந்தபோதுதான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். ரெண்டு வருசமாத் தெரியுமுங்க என்றாள், வெங்காயத்தில் கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னேன், வண்டியில் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொன்னேன், ஒரு பக்கமாக உட்கார்ந்தால் என் வாய் உங்கள் இடது காதுக்குத்தானே நேராக வருகிறது என்றாள். சென்னியப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் ஊமையாகவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறாள், சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும், வெயிலிலும் தூறலிலும், அத்தனை பேச்சும் அவர் தோளைத் தாண்டிக் காற்றில் போயிருக்கிறது. கேக்காதுன்னு தெரிஞ்ச பொறவும் கொஞ்ச நாள் பேசினனுங்க, என்றாள், உங்க அக்காளைப் பத்தி எல்லாம் நெறையத் திட்டினேன், சும்மா சொல்லக் கூடாது, நல்லா இருந்துது. அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, அல்லது சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"ஒருநாள் ஒரு லாரிக்காரன் முதுகுக்குப் பின்னாடியே ஹாரன் அடிச்சுட்டு வந்தானுங்க. நீங்க ஒதுங்கவே இல்லை. நானும் கத்துனேன். எடது பக்கமா ஏறி, என் முழங்கால்ல ஒரசாத கொறையாப் போனான். நீங்க திரும்பி, வெயில் அதிகமா இருக்குதுல்லன்னு கேட்டீங்க. அன்னைக்கு எறங்குனவதான்."

வண்டியை விற்றுவிடச் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டார், குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. வித்துப்போட்டு என்ன செய்வீங்க என்றாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் நீங்கள் தனியாக அதை ஓட்டிக்கொண்டு எந்த வளைவில் இருக்கிறீர்களோ என்றுதான் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லிவிட்டு, சொன்னது அதிகமாகிவிட்டதுபோலக் குனிந்து திருப்புளியை எடுத்து அவர் கையில் வைத்தாள். முதலில் இந்தப் பட்டாசை நிறுத்துங்கள், காலையிலிருந்து தலை வலிக்கிறது என்றாள். அதுவுமில்லாமல் கிட்டுச்சாமி அண்ணனுக்கு சாயங்காலத்துக்குள் பழைய சைலன்சரை மாட்டிவிடுகிறேன் என்று நீங்கள் இப்போதுதான் ஒத்துக்கொண்டீர்கள் என்றாள். நானா, என்றார். நல்லாத் தலையாட்டினீங்க, என்றாள், அவரு எருமைக்கன்னு ரெண்டு நாளாப் பால் குடிக்கலையாமா.

சாயங்காலம் மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றினால் ஜெட்டும் பழசு, ஊசியும் பழைய பள்ளம், எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அது சாயங்காலம். இப்போது கையில் இருப்பதை அரைகுறையாக விட அவருக்கு மனசு வரவில்லை, ஆச்சரியம், அவளுக்கும் வரவில்லை. வண்டியை உதைத்தார். அவர் இடது பக்கம் குந்தினார், அவள் சைலன்சருக்குப் பக்கத்தில் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் முறுக்கி விட்டார், அவள் மூன்று விரல் காட்டினாள். மூன்றா, அவருக்கு இரண்டுதான் கேட்டது. ஸ்க்ரூவை ஒரு மயிரிழை உள்ளே விட்டார், இரண்டு விரல். இன்னும் ஒரு இழை, ஒரு விரல், அவருக்கோ அது சுத்தமாக இருந்தது, அவள் இல்லை இல்லை என்று கையை வீசினாள், கடேசியா ஒண்ணு, தொலவுல, புருபுருன்னு. இன்னொரு இழை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது அவள் முகத்தைப் பார்த்தார், வெங்காயத் தோல் ஒன்று காதோரம் ஒட்டியிருந்தது, புருவத்துக்கு நடுவில் அவளுக்கு ஒரு மடிப்பு விழும், கவனமாகக் கேட்கும்போது மட்டும் விழுகிற மடிப்பு, ஜாபர் என்ன, கோயமுத்தூரில் ஒரு மெக்கானிக்குக்கும் அப்படி விழாது. மடிப்பு மெல்ல அவிழ்ந்தது. அவள் விரல்களை மடக்கி முஷ்டியாகக் காட்டினாள், ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்தார். ஒன்றரை இல்லை, ஒன்றேகால். உள்ளே விட்டுவிட்டு நம்பிக்கையில்லாமல் வெளியே எடுத்தாரே, அதே கால் சுற்று.

அப்படியே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சரியா தப்பா என்று தெரியாது என்றார். நானும் வர்றேன் என்றாள். அவள் வீட்டுக்குள் போய்ப் பத்து நிமிஷம் கழித்து வந்தாள், மகள் விட்டுவிட்டுப் போன பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தோளில் துப்பட்டாவை எந்தப் பக்கம் விடுவதென்று தெரியாமல் கழுத்தில் சுற்றிக்கொண்டு. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்தான் வலது பக்கமாக எட்டிப் பேச முடியும், தெருவில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள். பின்னால் வண்டி வந்தால் தோளில் ஒரு தட்டு, ஒதுங்க வேண்டுமானால் இரண்டு தட்டு. செவ்வாய்க்கிழமை காது டாக்டர், அதை அவள் முடிவே செய்துவிட்டிருந்தாள். கேட்டைத் தாண்டி, அரிசி ஆலையைத் தாண்டி, சோளக்காட்டு நடுவில் போகிற தார் ரோட்டில் இறங்கியதும் இரண்டு வருஷத்துப் பேச்சு வலது காதில் வந்து கொட்ட ஆரம்பித்தது, தங்கை மகனுக்குப் பார்த்த பெண், சந்தையில் பார்த்த சண்டை, மீசையில்லாமல் அவர் முகம் ஒன்றும் மோசமில்லை, வளர்த்தே ஆக வேண்டுமென்று கட்டாயமில்லை. நடுவில் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. ஒதுங்கினார். ஒரு மினி பஸ் அவரைக் கடந்து போயிற்று, அது பக்கத்தில் வந்து நிறம் காட்டுகிற வரைக்கும் அப்படியொன்று வருவதே அவருக்குத் தெரியாது. பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நாலு மைல் தாண்டி ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, துணியைச் சுற்றிப் ப்ளக்கைக் கழற்றினார். நேற்றைக்குச் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது இப்போது வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. இந்த நிறம்தான் வேண்டும், பசியும் இல்லை, அஜீரணமும் இல்லை என்று அவளுக்குக் காட்டினார். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, ப்ளக்கை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவள் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்தாள், மறந்துபோயிருந்தாள். சென்னியப்பனின் தலை வழக்கம்போல ஆடுவதற்குத் தயாராகி, ஆடவும் ஆரம்பித்து, நின்றது.

"கேக்கலை. என்ன சொன்னே?"

அவள் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுகொண்டாள். "இத்தோட திரும்பணுமா, இன்னும் கொஞ்ச தூரம் போலாமுங்களான்னு கேட்டேன்," என்றாள்.

ப்ளக் சுட்டது. அவர் அதைத் திரும்ப மாட்டினார்.